லாட்ஜ் முழுக்க ஐபி முகவரி தானாகக் கிடைக்க: டிஹெச்சிபி அமைக்கும் முழுமையான வழிகாட்டி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை, புளியரை வரை அறைகள் நிறைந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக் குடும்பங்கள் ஒருபக்கம், மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மறுபக்கம். அந்த நாட்களில் ரிசப்ஷனுக்கு ஓயாமல் வரும் புகார் ஒன்றுதான்: “வைஃபை காட்டுது, ஆனா கனெக்ட் ஆகமாட்டேங்குது.” உடனே ஃபைபர் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். இணைப்பு நன்றாகவே இருக்கும். போனுக்கு ஐபி முகவரி (வலையில் அதற்கான எண்) கொடுக்க வேண்டிய சர்வரிடம் கொடுக்க முகவரி மிச்சம் இருக்காது. இல்லையென்றால் வேறொரு பெட்டி குறுக்கே புகுந்து தப்பான முகவரியைக் கொடுத்திருக்கும்.

முகவரியைத் தானாகக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஹெச்சிபி. எல்லா ரூட்டரிலும் இது இருக்கிறது. டப்பாவிலிருந்து எடுத்த உடனேயே வேலையும் செய்யும். வீட்டுக்கு அது போதும். 30 அறை லாட்ஜுக்கோ, கிளினிக்குக்கோ, இருபது கணினி உள்ள பள்ளி லேபுக்கோ போதாது. இங்கே 30 அறை லாட்ஜையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்ற இடங்களுக்கு எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. நான்கு செய்திகள்: இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு விளங்கும்

ஒரு கணினி வலையில் நுழையும்போது அதற்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, “முகவரி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?” என்று கூவுகிறது. இது டிஸ்கவர்.

அதைக் கேட்ட சர்வர், “இந்த முகவரி வேண்டுமா?” என்று ஒன்றை நீட்டுகிறது. இது ஆஃபர். கணினி, “சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்று மறுபடி எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறது. இது ரிக்வெஸ்ட். சர்வர் தன் ஏட்டில் பதிந்துகொண்டு “உனக்குத்தான்” என்று முடித்துவைக்கிறது. இது அக்னாலெட்ஜ்மென்ட். சர்வர் யூடிபி 67ஆம் போர்ட்டிலும், கணினி 68ஆம் போர்ட்டிலும் காது வைத்திருக்கும்.

இதில் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூவல் பொதுவானது. கேட்கிற சர்வர் எல்லாம் பதில் சொல்லும். பல ஆஃபர் வந்தால் பெரும்பாலான கருவிகள் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும். சரியானது எது என்று அவற்றுக்குத் தெரியாது. மூன்றாவது, இந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டிப் போகாது.

2. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட்டர், ஃபைபர் மோடம், ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) எல்லாவற்றின் லாகின் பெயரும் பாஸ்வேர்டும். ஒன்று தெரியாவிட்டாலும் வேலை நடுவில் நிற்கும். மாட்டிவைத்தவர் ஊருக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

லேன் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், இரண்டு மீட்டர் கேபிள். வைஃபை வழியாக இந்த வேலையைச் செய்ய வேண்டாம். முகவரியை மாற்றும் நொடியில் வைஃபை அறுந்து, பக்கத்து வீட்டு வைஃபையிலோ போன் ஹாட்ஸ்பாட்டிலோ போய் ஒட்டிக்கொள்ளும். எந்த வலையில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் அரைமணி நேரம் போய்விடும்.

மேக் முகவரிப் பட்டியல். கருவியோடு ஆலையிலிருந்தே வரும் அடையாள எண்தான் மேக் முகவரி. பில்லிங் கணினி, பிரிண்டர், என்விஆர், வருகைப்பதிவுக் கருவி என்று இடம் மாறாமல் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேன், வைஃபை இரண்டும் உள்ள கருவிக்கு மேக் முகவரியும் இரண்டு. கேபிளில் ஓடும் பிரிண்டருக்கு வைஃபையின் மேக் முகவரியைப் பதிந்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக ஒரு தாள், ஒரு பேனா. அடுத்த படி முழுக்கத் தாளில்தான்.

3. முகவரித் திட்டத்தைத் தாளில் போடுங்கள்

உள்வலைக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்ளலாம். 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிருங்கள். கடையில் வாங்கும் ரூட்டர்களும் ஃபைபர் மோடம்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றோடுதான் வருகின்றன. மோடம் 192.168.1.1 ஆக இருந்து, அதன் பின்னால் மாட்டிய உங்கள் ரூட்டரும் 192.168.1.1 ஆக இருந்தால், ரூட்டரின் இரண்டு பக்கமும் ஒரே வலை என்று ஆகிவிடும்; இணையம் போகாது. எண்ணை மாற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளைக்கு ஒரு கணினி 192.168.1 என்று காட்டினால், அது உங்கள் சர்வர் கொடுத்ததில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

இப்போது எத்தனை முகவரி வேண்டும் என்று கணக்கிடுங்கள். அறைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது, ஒரு நாளில் எத்தனை கருவிகள் வந்துபோகின்றன என்று பார்க்க வேண்டும். 30 அறை, அறைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு போன் என்றால் 120. காலையில் அவர்கள் போய், மத்தியானம் அடுத்த 120 வரும். ஊழியர்கள் 20. சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்காருபவர்கள் 60. மொத்தம் 320. பல ரூட்டர்களில் ஆலையிலிருந்து வரும்போதே 100 முதல் 199 வரை, அதாவது வெறும் 100 முகவரிதான் ஒதுக்கப்பட்டிருக்கும். சீசனில் மட்டும் ஏன் தகராறு என்பதற்குப் பதில் இந்தக் கழித்தல் கணக்கிலேயே இருக்கிறது.

வலை எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்தான் மாஸ்க். 255.255.255.0 என்ற மாஸ்க்கில் பயன்படுத்தக்கூடியவை 254 முகவரிகள். போதாது. 255.255.254.0 போட்டால் 510 கிடைக்கும். அந்த வலை 192.168.40.0இல் தொடங்கி 192.168.41.255இல் முடியும். இந்த மாஸ்க்கில் மூன்றாவது எண் இரட்டைப்படையில்தான் தொடங்க முடியும். 41இல் தொடங்கி 42 வரை என்று திட்டம் போட்டால், அது இரண்டு வேறு வலைகளில் கால் வைத்ததாகிவிடும்.

தாளில் இப்படி எழுதுங்கள்:

192.168.40.1: ரூட்டர், இதுவே டிஹெச்சிபி சர்வர்.
40.2 முதல் 40.19 வரை: சுவிட்சுகள், ஆக்சஸ் பாயிண்ட்கள். இவற்றுக்குக் கையால் முகவரி போட வேண்டும்.
40.20 முதல் 40.59 வரை: பில்லிங் கணினி, பிரிண்டர், என்விஆர். இவை ரிசர்வேஷன், விளக்கம் எட்டாம் படியில்.
40.60 முதல் 40.99 வரை: காலியாக விடவும். அடுத்த வருடம் மாடி எடுப்பார்கள்.
40.100 முதல் 41.250 வரை: வருகிறவர் போகிறவருக்கான பூல், அதாவது தானாகக் கொடுக்க ஒதுக்கிய முகவரிகள். மொத்தம் 407 முகவரி.

உங்கள் ரூட்டர் 255.255.255.0 தவிர வேறு மாஸ்க்கை ஏற்காவிட்டால், பூலை 254க்கு மேல் பெரிதாக்க வழியில்லை. ஏழாம் படியில் சொல்லும் லீஸ் காலத்தை, அதாவது ஒரு கருவி முகவரியை வைத்துக்கொள்ளும் காலத்தை, சுருக்கித்தான் சமாளிக்க வேண்டும், அல்லது ரூட்டரை மாற்ற வேண்டும். 30 அறை நடத்துபவர் ரூட்டரில் மிச்சம் பிடிப்பது நல்லதில்லை என்பது எங்கள் கருத்து.

4. மற்ற கொடுப்பவர்களை முதலில் நிறுத்துங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். புது சர்வரை ஓடவிட்டுப் பிறகு பழையதை நிறுத்தலாம் என்று நினைப்பார்கள். இடைப்பட்ட பத்து நிமிடத்தில் பாதிக் கருவிகள் பழைய முகவரியையும் பாதி புதியதையும் எடுத்துக்கொள்ளும். பழைய முகவரி வாங்கியவை லீஸ் தீரும்வரை அதை விடாது. பிறகு எது சரி, எது தப்பு என்று பிரிக்க முடியாது.

ஆகவே எல்லா கேபிள்களையும் மெயின் சுவிட்சிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொரு பெட்டியாக லேப்டாப்பை நேரே மாட்டி, அதன் பக்கத்தைத் திறந்து டிஹெச்சிபி சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக மாடியில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ எப்போதோ வாங்கி மாட்டிய பழைய ரூட்டர். அதுவும் ஒரு சர்வர்தான்.

அதை ஆக்சஸ் பாயிண்டாக மட்டும் வைத்துக்கொள்ள மூன்று வேலை: அதன் டிஹெச்சிபியை நிறுத்தவும், அதன் லேன் முகவரியை 192.168.40.5 போல் திட்டத்தில் உள்ளதாக மாற்றவும். கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் (இணைய இணைப்புக்கான) போர்ட்டில் மாட்டாமல் லேன் போர்ட்டில் மாட்டவும். முகவரியை மாற்றாமல் டிஹெச்சிபியை நிறுத்தினால், அந்தப் பெட்டியின் பக்கத்தை மறுபடி திறக்கச் சிரமப்படுவீர்கள். வான் போர்ட்டில் மாட்டினால் அது தனி வலையாகப் பிரிந்துவிடும். அந்த மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் தானாகக் கண்ணில் படாது.

என்விஆர் விஷயத்தில் ஒரு குறிப்பு. பின்னாலேயே கேமரா போர்ட்கள் உள்ள என்விஆர், அந்தக் கேமராக்களுக்குத் தானே முகவரி கொடுக்கும். அது அதன் உள்வலை, உங்கள் வலையோடு சேராது, தொட வேண்டாம்.

5. சர்வருக்கு நிலையான முகவரி

முகவரி கொடுப்பவரே முகவரி மாறிக்கொண்டிருந்தால், புதுப்பிக்க வரும் கருவிகள் பழைய வாசலில் போய்த் தட்டும். அதனால் ரூட்டரின் லேன் முகவரியை முதலில் 192.168.40.1, மாஸ்க் 255.255.254.0 என்று போட்டுச் சேமியுங்கள்.

சேமித்த உடனே திரை உறைந்துவிடும். பயப்பட வேண்டாம். உங்கள் லேப்டாப் இன்னும் பழைய வலையின் முகவரியிலேயே இருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, பிரவுசரில் 192.168.40.1 என்று புதிதாகத் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் லேப்டாப்பில் கையால் 192.168.40.90, மாஸ்க் 255.255.254.0 என்று போட்டு உள்ளே போங்கள். வேலை முடிந்ததும் அதை மறுபடி தானாகப் பெறும் நிலைக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

6. பூலும் அதோடு போகும் விவரங்களும்

இப்போது ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தைத் திறந்து தொடக்கம் 192.168.40.100, முடிவு 192.168.41.250 என்று கொடுங்கள்.

சர்வர் வெறும் முகவரியை மட்டும் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ஆப்ஷன்களாக மாஸ்க், கேட்வே (வலைக்கு வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர்), லீஸ் காலம் எல்லாம் சேர்ந்து போகின்றன. ஆப்ஷன் 1 மாஸ்க், 3 கேட்வே, 6 டிஎன்எஸ், 51 லீஸ் காலம். சில ரூட்டர்களில் பெயருக்குப் பதில் இந்த எண்களே இருக்கும்.

கேட்வே 192.168.40.1. இதைக் காலியாக விட்டால் சில ரூட்டர்கள் தன் முகவரியையே போட்டுக்கொள்ளும், சில எதுவும் கொடுக்காது. நீங்களே தட்டச்சு செய்துவிடுவது மேல். கேட்வே கிடைக்காத கணினி லாட்ஜுக்குள் பிரிண்டரைப் பார்க்கும், வெளியே போகாது.

டிஎன்எஸ் இரண்டு கொடுங்கள்: முதலில் ரூட்டரின் முகவரி, அடுத்து 8.8.8.8 அல்லது 1.1.1.1. இதை விட்டுவிட்டால் எண்ணால் எல்லா இடமும் போகும், பெயரால் எங்கும் போகாது. பார்ப்பவருக்கு “நெட் இல்லை” என்றுதான் தோன்றும்.

7. லீஸ் காலம்: இதில்தான் சீசன் ஓடும், அல்லது நிற்கும்

சர்வர் முகவரியைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்குக் கொடுக்கிறது. அந்தக் காலம்தான் லீஸ். பாதிக் காலம் கழிந்ததும் கருவி அதே சர்வரிடம் நேரடியாகப் போய்ப் புதுப்பிக்கும். பதில் வராவிட்டால் 87.5 சதவீதம் கழிந்ததும், யாராவது புதுப்பியுங்கள் என்று மறுபடி பொதுவாகக் கூவும். லீஸ் முழுதும் தீர்ந்தால் முகவரியை விட்டுவிட வேண்டும்.

24 மணி நேர லீஸில் என்ன ஆகும் என்று பாருங்கள். பாதியிலேயே புதுப்பிப்பு நடந்துவிடுவதால், காலை 9 மணிக்கு அறையைக் காலி செய்பவரின் போனுக்கு எப்போதும் குறைந்தது 12 மணி நேர லீஸ் மிச்சம் இருக்கும். பெரும்பாலான போன்கள் கிளம்பும்போது முகவரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. எட்டத்துக்கு வெளியே போய்விடும், அவ்வளவுதான். அவர் புனலூர் தாண்டிப் போயிருப்பார், அவருடைய முகவரி உங்கள் ஏட்டில் இரவு வரை பூட்டிக் கிடக்கும். மத்தியானம் வந்தவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

விருந்தினருக்கு 2 மணி நேரம் போதும். பாதி, 1 மணி நேரம். புதுப்பிப்பு 1 மணி நேரத்தில் தொடங்கிவிடுவதால், ரூட்டர் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டு வந்தால் யாருக்கும் முகவரி போகாது. அதைவிடச் சுருக்கி 2 நிமிடம், 5 நிமிடம் என்று வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். கரண்ட் போய் வந்து ரூட்டர் எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பலருடைய லீஸ் தீர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்பார்கள். ஊழியர் கணினிகள் தனி வலையில் இருந்தால் அங்கே 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

அலகைக் கவனியுங்கள். ஒரு ரூட்டர் நிமிடத்தில் கேட்கும், இன்னொன்று நொடியில், வேறொன்று மணியில். 2 மணி நேரம் என்றால் 120 நிமிடம், 7200 நொடி. நொடியில் கேட்கும் கட்டத்தில் 120 என்று போட்டால் லீஸ் இரண்டே நிமிடம்.

லீஸைச் சுருக்கியதும் பலன் உடனே தெரியாது. ஏற்கெனவே 24 மணி நேரத்துக்கு வாங்கியவை அடுத்த புதுப்பிப்பு வரை பழைய கணக்கிலேயே இருக்கும். ஆகவே ஆனி மாதக் கூட்டம் வரும் முன்பே மாற்றிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரி மட்டும் தங்கிப் போவார்கள். அந்த இரண்டு மாதமும் இதே கணக்குதான்.

டிஎன்எஸ் அல்லது கேட்வேயை மாற்றப் போகும்போதும் இதே முறை உதவும். முதல் நாள் லீஸை 10 நிமிடமாக்கி, மறுநாள் மாற்றத்தைச் செய்து, எல்லாம் புது விவரம் வாங்கியபின் லீஸைப் பழைய அளவுக்குத் திருப்புங்கள். குறுகிய லீஸ் தற்காலிகமாகப் பயன்படும் ஒரே இடம் இது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. வைஃபை பெயருக்கு ஒரு பொய் மேக் முகவரி வைத்துக்கொள்கின்றன. கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று வைஃபை பெயர் வைத்திருந்தால், ஒரே போன் சர்வர் கண்ணுக்கு மூன்று ஆளாகத் தெரியும், மூன்று முகவரி எடுத்துக்கொள்ளும். கட்டடம் முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வையுங்கள். இதை மட்டும் செய்தே முகவரித் தட்டுப்பாடு தீர்ந்த இடங்கள் உண்டு.

8. ரிசர்வேஷன்

பிரிண்டரின் மேக் முகவரியைப் பதிந்து, இதற்கு எப்போதும் 192.168.40.20 என்று சர்வரிடம் சொல்லிவைப்பதே ரிசர்வேஷன். பிரிண்டரில் கையால் முகவரி போடுவதைவிட இது நல்லது. நாளைக்கு வலை மாறினால் சர்வரில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். ஒவ்வொரு கருவியாகத் தேடிப் போக வேண்டாம்.

கருவிகளை வலையில் மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். முன்பே மாட்டினால் பிரிண்டர் பூலிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு, புதுப்பிக்கும் வரை அதிலேயே இருக்கும். சில ரூட்டர்கள் ரிசர்வேஷன் முகவரி பூலுக்குள் இருந்தால்தான் ஏற்கும். உங்களுடையது அப்படியென்றால் பூலின் தொடக்கத்தை 40.20க்குக் கொண்டுவந்துவிடுங்கள். ரிசர்வ் செய்ததை அது வேறு யாருக்கும் கொடுக்காது.

ஊழியரின் போனுக்கு ரிசர்வேஷன் வேண்டுமென்றால், அந்தப் போனில் இந்த வைஃபைக்கு மட்டும் பொய் மேக் முகவரியை நிறுத்த வேண்டும்.

சுவிட்சுகளையும் ஆக்சஸ் பாயிண்ட்களையும் மட்டும் கையால் போட்ட முகவரியில் வையுங்கள். சர்வர் படுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய நீங்கள் நுழைய வேண்டிய வழியே அவைதான்.

9. ஒரே ஒரு லேப்டாப்பில் சோதியுங்கள்

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளில் மாட்டுங்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் எதன் வழியாக நெட் வருகிறது என்று தெரியாது. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை முதலில் ‘ரிலீஸ்’ (/release) சேர்த்தும், பிறகு ‘ரினியூ’ (/renew) சேர்த்தும், கடைசியில் ‘ஆல்’ (/all) சேர்த்தும் கொடுங்கள்.

வரும் பட்டியலில் ஐந்து வரிகளைத் தாளோடு ஒப்பிடுங்கள்: முகவரி, மாஸ்க், கேட்வே, டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ். லீஸ் முடியும் நேரமும் அங்கேயே இருக்கும். இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறதா பாருங்கள். அலகுத் தப்பு இங்கே பிடிபடும்.

பிறகு பிங், அதாவது ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் 192.168.40.1, அடுத்து 8.8.8.8, கடைசியாக ஏதாவது ஓர் இணையதளப் பெயர். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலாவது தோற்றால் கோளாறு உள்வலையில். இரண்டாவது தோற்றால் கேட்வேயிலோ ஃபைபரிலோ. மூன்றாவது மட்டும் தோற்றால் டிஎன்எஸ்.

10. கேபிள்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள்

ஒரு மாடியின் கேபிளை மாட்டி, அங்கே ஒரு போனை இணைத்து, அதன் வைஃபை விவரப் பக்கத்தில் முகவரியும் கேட்வேயும் சரியா என்று பார்த்தபின் அடுத்த மாடி. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டினால், ஒளிந்திருக்கும் பழைய ரூட்டர் எந்தக் கேபிளில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

கையால் முகவரி போட்ட பழைய கருவிகளில் மாஸ்க்கையும் 255.255.254.0 ஆக மாற்றினீர்களா? பிரிண்டரில் 255.255.255.0 என்றே விட்டிருந்தால், 192.168.41இல் இருக்கும் கணினியை அது வெளியூர்க்காரராக நினைத்துப் பதிலை ரூட்டருக்கு அனுப்பும். சில கணினிகளிலிருந்து அச்சாகும், சிலவற்றிலிருந்து தடுமாறும்.

11. விருந்தினரையும் அலுவலகத்தையும் பிரிப்பது

பில்லிங் கணினியும் கேமராவும் இருக்கும் வலையில் விருந்தினர் போனை விடக் கூடாது. ரூட்டரும் சுவிட்சும் விலான் (ஒரே கேபிளில் தனித்தனி வலைகளை ஓட்டும் முறை) தெரிந்தவையாக இருந்தால் பிரித்துவிடுங்கள். அலுவலகத்துக்கு 192.168.40.0, விருந்தினருக்கு 192.168.44.0 மாஸ்க் 255.255.252.0 என்று வைத்தால், விருந்தினர் பக்கம் மட்டும் 1022 முகவரி.

ஒவ்வொரு விலானுக்கும் ரூட்டரில் தனி முகவரி, தனி பூல் வேண்டும். முதல் படியில் சொன்னதுபோல் கூவல் ரூட்டரைத் தாண்டாது, ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கும் போகாது. சர்வர் வேறு கட்டடத்தில், வேறு வலையில் இருந்தால் இடையிலுள்ள ரூட்டரில் டிஹெச்சிபி ரிலேயை இயக்க வேண்டும். அது கூவலைக் கேட்டு, எந்த வலையிலிருந்து வந்தது என்று தன் முகவரியைக் குறித்து, சர்வருக்கு நேரே அனுப்பிவைக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சர்வர் சரியான பூலைத் தேர்ந்தெடுக்கும்.

விருந்தினர் வைஃபை பெயர் தெரிகிறது, முகவரி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால், ஆக்சஸ் பாயிண்ட் மாட்டிய சுவிட்ச் போர்ட்டில் விருந்தினர் விலானைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

12. கோளாறு வந்தால்

முகவரி 169.254 என்று தொடங்கினால், கருவி கூவியது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் கேபிளும் சுவிட்சும். அடுத்து பூல் தீர்ந்துவிட்டதா என்று ரூட்டரின் லீஸ் பட்டியலை எண்ணுங்கள். மேலாண்மை வசதியுள்ள சுவிட்சில் இன்னொரு காரணம் உண்டு: கேபிள் சுற்று இருக்கிறதா என்று சோதிக்க, அது போர்ட்டை 30 நொடி வரை பூட்டிவைக்கும். கணினி அதற்குள் கூவிக் களைத்துவிடும். கணினி மாட்டும் போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக மாற்றினால் தீரும். சில சுவிட்சுகளில் இதற்குப் பெயர் போர்ட்ஃபாஸ்ட்.

முகவரி வேறு வலையைச் சேர்ந்ததாக இருந்தால், வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஐபிகான்ஃபிக் பட்டியலில் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் அவர் முகவரி இருக்கும். 192.168.137 என்றால் ஏதோ ஒரு விண்டோஸ் கணினியில் இணையப் பகிர்வு ஓடுகிறது. வேறு எண் என்றால் அந்த முகவரியை பிரவுசரில் தட்டுங்கள். பெரும்பாலும் ஒரு ரூட்டரின் லாகின் பக்கம் திறந்து, எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடும்.

சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் வரும், ஆள் பிடிபட மாட்டார். யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் வெல்கிறார், அதனால்தான். ஆள் குறைந்த நேரத்தில் உங்கள் சர்வரின் டிஹெச்சிபியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, லேப்டாப்பில் ரிலீஸ், ரினியூ கொடுங்கள். இப்போதும் முகவரி கிடைத்தால் கொடுத்தவர்தான் நீங்கள் தேடுபவர். மெயின் சுவிட்சில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி ரினியூ கொடுத்துக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் முகவரி கிடைப்பது நிற்கிறதோ அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கி, ரூட்டர் மாட்டிய போர்ட்டை மட்டும் நம்பகமானதாகக் குறியுங்கள். மற்ற போர்ட்டிலிருந்து வரும் ஆஃபர்களைச் சுவிட்சே தடுத்துவிடும்.

ஐபி முகவரி மோதல் என்று எச்சரிக்கை வந்தால், யாரோ பூலுக்குள் இருக்கும் முகவரியைக் கையால் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பிரிண்டரோ பழைய கேமராவோதான்.

13. கரண்ட் போய் வரும் ஊர்

மலையடிவாரத்தில் ஐப்பசி இடிக்கும் ஆடிக் காற்றுக்கும் கரண்ட் தங்காது. பல சிறிய ரூட்டர்கள் லீஸ் ஏட்டை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். அணைந்தால் ஏடு காலி. எழுந்ததும், ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் முகவரியைப் புதியவருக்கு நீட்டக்கூடும். ரூட்டர், மெயின் சுவிட்ச், ஃபைபர் மோடம் மூன்றையும் ஒரே சிறு யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஆக்சஸ் பாயிண்ட்களுக்கும் அதே சுவிட்சிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் போனால் இன்னும் நல்லது.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் ரூட்டரின் அமைப்புகளைக் கோப்பாக இறக்கி, பில்லிங் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். மூன்றாம் படியில் எழுதிய தாளைத் திருத்தி, தேதி போட்டு, ரூட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். அது மேனேஜரின் பீரோவில் இருக்கட்டும்.